காவலர் பயிற்சியில் ஒத்திகை: உருப்படியாக நடத்துவது எப்படி?

ஒத்திகை, அதாவது நிஜச் சம்பவம் போல நடித்துப் பார்க்கும் பயிற்சி, என்றதும் பலரும் முதலில் யோசிப்பது யார் ரவுடி வேஷம் கட்டுவது, எங்கே நடத்துவது என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக் காவலர் இதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். ‘சண்டை நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் பிரித்துத் தனித்தனியாக விசாரிப்பது’ என்பது மாதிரி. அந்த வரி வரவில்லை என்றால் ஒத்திகைக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆள் திரட்டி ஓடிப் பிடிக்க வேண்டியதும் இல்லை. வெள்ளம், பெரிய கூட்டம் போன்றவற்றில் யாருக்குத் தகவல் சொல்வது, எந்தச் சாலையை மூடுவது என்ற முடிவுகள்தான் முக்கியம். மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்து, அவ்வப்போது ஒரு புதுத் தகவலைச் சீட்டில் எழுதி நீட்டினாலே போதும்.

நடிப்பவருக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், நிபந்தனை கொடுங்கள். “காவலர் குரலை உயர்த்தினால் நீயும் உயர்த்து, உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினால் மெல்ல இறங்கி வா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவராகக் கேட்கும்வரை உள்ளறையில் குழந்தை இருப்பதைச் சொல்லாதே.” இப்படிச் செய்தால் பயிற்சிக் காவலர் என்ன செய்கிறாரோ அதற்கேற்ப நிலைமை மாறும். பேசியே முடியக்கூடிய ஒத்திகைகளும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாமே அடிதடியில் முடிந்தால், கதவைத் தட்டுவதற்கு முன்பே கை லத்திக்குப் போகும் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

பாதுகாப்பில் மட்டும் சமரசமே கூடாது. 2016-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், பொதுமக்களுக்கான ஒரு காவல்துறை செயல்விளக்கத்தில் குண்டில்லாத வெற்றுத்தோட்டா என்று நினைத்து ஒரு காவலர் சுட்டதில் ஒரு பெண்மணி இறந்துபோனார். நிஜத் துப்பாக்கி, தோட்டா, கத்தி எதுவும் பயிற்சி இடத்துக்குள்ளேயே வரக்கூடாது; நீலமோ சிவப்போ அடித்த டம்மி மட்டும்தான். உள்ளே வரும் ஒவ்வொருவரையும், வேடிக்கை பார்க்க வந்த மேலதிகாரி உட்பட, ஒருவர் சோதித்த பிறகு இன்னொருவரும் சோதிக்கட்டும். டீ குடிக்க வெளியே போனவர் திரும்பினால் மறுபடியும் சோதனை. விசில் ஊதினால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். ஒத்திகை பத்து நிமிடம் என்றால் அதைப் பற்றிய பேச்சு அதைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும். முதலில் பயிற்சிக் காவலரே பேசட்டும்: என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், ஏன் அப்படிச் செய்தாய்? அடுத்து நடித்தவர். “நீங்க பின்னாடி வந்து நின்னதும் எனக்குப் பயமாயிடுச்சு” என்று அவர் சொல்வது பயிற்சியாளரின் அரை மணி நேரப் பிரசங்கத்தைவிட ஆழமாகப் பதியும். வீடியோ எடுத்திருந்தால் தேவையான துண்டை மட்டும் போடுங்கள், முழுவதையும் ஓட்டினால் எல்லோரும் தங்கள் தொப்பையைத்தான் பார்ப்பார்கள்.

பிறகு அதே ஆளை அதே கதவின் முன் மறுபடி நிறுத்துங்கள். நேரமில்லை என்று பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் சரியாகச் செய்த அனுபவத்தோடு அவர் வெளியே போவது இந்த இரண்டாவது முறையில்தான். அடுத்தவருக்கு மட்டும் சூழலைக் கொஞ்சம் மாற்றிவையுங்கள். வரிசையில் நிற்பவர்கள் காதுக்குக் கதை எப்போதோ போயிருக்கும்.