பட்டுப்புழுவின் சுவை முளைகளைப் பார்ப்பது எப்படி

சுவை முளைகள் என்பவை புழு இலையின் சுவையை அறிய உதவும், வாயருகே உள்ள நுண்ணிய உறுப்புகள். இவற்றைப் பார்க்க ஐந்தாம் பருவத்தின் (நான்காம் முறை தோலுரித்தபின் வரும் கடைசிப் புழுப் பருவம்) மூன்றாம் நாள் புழு ஒன்று போதும். தலையைத் தூக்கி அசையாமல் தோலுரிக்கக் காத்திருக்கும் புழு வேண்டாம். பழைய தோலும் புதுத் தோலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழப்பும்.

ஃப்ரீசரில் வைத்துக் கொன்றபின் தலையை மட்டும் வெட்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு ஊறவிடுங்கள். கையுறை கட்டாயம். தசை கரைந்து தலையின் கெட்டியான வெளியோடு மிஞ்சும். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் மென்மையான பாகங்கள் சிதைந்துபோகும். மூன்று முறை தண்ணீரில் அலசி, கண்ணாடித் தகட்டில் விட்ட கிளிசரின் சொட்டில் வாயின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஓரங்களில் நூல்துண்டு கொடுத்தால் தலை நசுங்காது.

நுண்ணோக்கியில் 100 மடங்கில் முதலில் நடுவிலுள்ள, பட்டுநூல் வெளிவரும் நூல்குழாயைத் தேடுங்கள். அதன் இருபுறமும் இருப்பவை மேக்சில்லாக்கள் என்ற வாயுறுப்புகள். அவற்றில் கணுக்கணுவாக நீள்வது பால்ப் என்ற உணர்கொம்பு போன்ற பகுதி. புதியவர்கள் பெரும்பாலும் இதையே முளை என்று நினைத்துவிடுவார்கள். அதற்கு உட்புறம், கேலியா என்ற மேட்டில், குட்டையாக இரண்டு முளைகள் நிற்கும். 400 மடங்குக்கு மாற்றினால் ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் கூம்பு தெரியும். கூம்பின் நுனியில் ஒரே துளை; இலைச்சாறு உள்ளே நுழைவது அதன் வழியாகத்தான். முளைக்கு நான்கு சுவை நரம்புசெல்கள்: வெளிமுளையில் சர்க்கரையையும் இனோசிட்டால் என்ற இனிப்புப் பொருளையும் அறிபவை, உள்முளையில் கசப்பை அறிவது.

உயிருள்ள புழுவிடமிருந்து இந்த மேக்சில்லாக்களை நீக்கிவிட்டால், மல்பெரியே கதி என்றிருக்கும் புழு முட்டைக்கோசு இலையையும் கடிக்கத் தொடங்கும்.