கிங்ஸ் டேக்கு நெதர்லாந்து போறவங்க இத பாத்துட்டு போங்க

ஏப்ரல் 27 ராஜா வில்லெம் அலெக்சாண்டர் பொறந்தநாள், அதான் அங்க கிங்ஸ் டே. அவர நேர்ல பாக்கணும்னு ஆம்ஸ்டர்டாம் அரண்மனை வாசல்ல போய் நிக்காதீங்க, ராஜ குடும்பம் வருஷத்துக்கு ஒரு ஊருக்குப் போய்த்தான் கொண்டாடுவாங்க, 2023ல ராட்டர்டாம், 2024ல எம்மன், 2025ல டூட்டிங்கெம்னு மாறிக்கிட்டே இருக்கும், அதனால அந்த வருஷம் எந்த ஊர்னு பாத்துட்டு அப்புறம் ரூம் போடுங்க. 27 ஞாயித்துக்கிழமையா வந்தா முந்தின நாள் சனிக்கிழமையே கொண்டாடிடுவாங்க, 2025ல அப்படித்தான் 26ஆம் தேதி நடந்துச்சு, டிக்கெட் போடும்போது இத மறந்துடாதீங்க.

ஆரஞ்சு கலர்ல ஒரு டீஷர்ட் கண்டிப்பா எடுத்துக்கோங்க. கையில கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும், குட்டிப் பசங்க ரோட்டோரத்துல போர்வைய விரிச்சு அவங்க பழைய பொம்மை, புக்கெல்லாம் விப்பாங்க, பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும், ஒண்ணாவது வாங்கிட்டு வாங்க.