அம்மாவுக்கு எந்தக் கபின்? கப்பலுக்கு ரிக்கெற் போடுகிற வன்னிக் குடும்பங்களுக்கு

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனதற்குப் பிறகு எங்கள் பக்கமும் கப்பல் சுற்றுலாக் கதை கூடிவிட்டது. ஆனால் வன்னியிலிருந்து போகிற பலருக்கு அது சுற்றுலா இல்லை, சகோதரங்களைக் காண்கிற வழி. அம்மாவுக்கு வெளிநாடு போக விசா சரிவராது, அங்கே இருக்கிறவர்களுக்கு ஊருக்கு வர லீவு ஒத்துவராது, சிங்கப்பூர் என்றால் இலங்கைக் கடவுச்சீட்டோடு முன்கூட்டி விசா எடுக்காமல் போகலாம், அங்கிருந்து மூன்று நாலு இரவுக் கப்பல்கள் ஓடுகின்றன. நாங்களும் அப்படித்தான் போனோம். கிளிநொச்சியிலிருந்து ஆறு பேர், ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் நாலு பேர், லண்டனிலிருந்து தம்பி குடும்பம் மூன்று பேர். போய் வந்த பிறகு ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

காசு கட்ட முதல் ஒரு விஷயம். சிங்கப்பூர் சரி, ஆனால் கப்பல் பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று எங்கெல்லாம் நிற்குதோ அந்தந்த நாட்டு விசாவை உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று தனித்தனியாகப் பாருங்கள். நாங்கள் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருப்போம் என்று சொன்னாலும் விசா இல்லாமல் ஏற்றாத கப்பல்கள் இருக்கின்றன. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற அக்காவுக்கு இது தலைக்கே வராது, அது அவரின் பிழை இல்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. கேட்க வேண்டியது நாங்கள்தான். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்குதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வவுனியா அலுவலகத்துக்கு நேரத்தோடு போங்கள்.

இனி அறை. இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கபின் நாலு வகை. உள் அறை, யன்னல் அறை, பல்கனி அறை, ஸ்வீற் என்கிற பெரிய, விலை கூடின அறை. உள் அறைதான் மலிவு, யன்னல் கிடையாது, ஏறத்தாழ 160 சதுர அடி. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு 550 சதுர அடி, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் கட்டில், குளியலறை, அலுமாரி எல்லாம் அடங்கவேண்டும் என்று கணக்குப் பாருங்கள். நித்திரைக்கு மட்டும் போகிற இளம் ஆட்களுக்கு அது தாராளம். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத அளவுக்கு இருட்டு, அதையே விரும்புகிறவர்களும் உண்டு.

எங்கள் அம்மாவுக்கு அது சரிவரவில்லை. ரிக்கெற் போட்ட ஏஜென்சி மலிவு என்று ‘காரண்டி’ கபின் எடுத்துவிட்டது. அதாவது வகையை மட்டும் நாங்கள் சொல்லுவோம், எந்தத் தட்டு (கப்பலின் மாடி), எந்த இலக்கம் என்பதைக் கப்பல்காரர் தாங்கள் விரும்பினபடி போடுவார்கள். அம்மாவுக்கும் என் மகளுக்கும் கிடைத்தது முன்பக்கம் கீழ்த்தட்டில் ஒரு உள் அறை, எங்களுக்குப் பின்பக்கம். பெரிய கப்பல் என்றால் சும்மா பெரிதில்லை, சிங்கப்பூரிலிருந்து ஓடுகிற ஜெண்டிங் ட்ரீம் 335 மீற்றர் நீளம், அந்த நீளத்துக்கு நடையோடை. முதல் இரவு பதினொன்றரைக்கு மகள் ஓடி வந்து கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் அம்மா எல்லா விளக்கையும் போட்டுவிட்டுச் சீலையும் மாற்றாமல் கட்டில் விளிம்பில் இருக்கிறா. “பங்கருக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு, என்னால ஏலாது” என்றா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா முன்பு ஒரே ஒரு தரம்தான் கப்பல் ஏறினவ. 2009இல், சண்டை முடிகிற காலம், காயப்பட்ட தம்பியோடு புதுமாத்தளன் கரையிலிருந்து, செஞ்சிலுவைச் சங்கம் காயக்காரரை ஏற்றின கப்பலில் திருகோணமலைக்குப் போனா. கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் ரிக்கெற் போடுகிற நேரம் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் கப்பலில் வெற்றுக் கபின் ஒன்றும் இல்லை என்றார்கள். அக்காவும் அத்தானும் தங்கள் பல்கனி அறையை விட்டுக்கொடுத்து, வரவேற்பு மேசையில் சொல்லி அறை அட்டைகளை மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் விடியப்புறம் நாலரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது அம்மா பல்கனிக் கதிரையில் போர்வையோடு இருந்து தூரத்து வெளிச்சங்களை எண்ணிக்கொண்டிருந்தா. “உங்க பார், எங்கட சனம் மாதிரித்தான், இரவுத் தொழிலுக்கு வந்திருக்கினம்” என்று மீன்பிடிப் படகுகளைக் காட்டினா. அதற்குப் பிறகு மூன்று நாளும் அம்மாவை அந்தக் கதிரையிலிருந்து எழுப்புவதுதான் பாடு.

ஆகவே வயது போனவர்கள், இருட்டும் அடைப்பும் ஒத்துவராதவர்கள் இருந்தால் அவர்களின் அறையை முதலில் தெரியுங்கள், இலக்கத்தோடு. மிச்சப் பேர் உள் அறையில் கிடக்கலாம். எல்லாருக்கும் பல்கனி எடுக்கத் தேவையில்லை, ஒரு பல்கனி இருந்தால் பகலில் குடும்பமே அங்கேதான் இருக்கும். இரண்டு பல்கனி அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால் இன்னும் நல்லது, பல கப்பல்களில் நடுவில் இருக்கிற தட்டியை அறைப் பணியாளரிடம் கேட்டால் திறந்து விடுவார், ஊர் விறாந்தை மாதிரி ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதிரைகளைக் கம்பிப் பக்கம் விடவேண்டாம். யன்னல் அறை எடுப்பதென்றால் யன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குதா என்று கேளுங்கள், அப்படியான அறைகளை ‘பார்வை மறைப்பு’ என்று போட்டுக் கொஞ்சம் குறைத்து விற்பார்கள், வெளிச்சம் மட்டும் காணும் என்றால் அதுவும் நல்ல யோசனை. ஸ்வீற் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எந்த இடத்தில் அறை என்றதும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டுகளில் ஆட்டம் குறைவு, முன்னுக்கும் உச்சியிலும் ஆட்டம் கூடுதல். தலை சுற்றுகிறவர்களுக்கு நடுப்பகுதியைப் பாருங்கள், மருந்தை ஊரிலேயே டொக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், சத்தி வந்த பிறகு குடித்துப் பிரயோசனம் குறைவு. தட்டுகளின் படம் கப்பல்காரரின் இணையத்தளத்தில் இருக்கும். உங்கள் அறைக்கு நேர் மேலே நீச்சல் தடாகமோ பஃபேயோ இருந்தால் விடியக் கதிரை இழுக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும், கீழே நடனக்கூடம் இருந்தால் இரவு இரண்டு மணி வரை ‘தம் தம்’ என்று அடிக்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கிற தட்டு நல்லது.

விலை போடுகிற முறையை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். போட்டிருக்கிற விலை ஒரு ஆளுக்கு, அதுவும் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். தனி ஆள் போனால் பெரும்பாலும் இரண்டு பேரின் காசுக்குக் கிட்டக் கட்டவேண்டி வரும். மூன்றாம், நாலாம் ஆளுக்கு விலை குறையும், ஆனால் அவர்களுக்குச் சுவரிலோ கூரையிலோ இருந்து இறக்குகிற ஏணிக் கட்டில்தான். மாமியை அதில் ஏற்றுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், பெடியளுக்கு அது கொண்டாட்டம். விலைக்கு மேலே துறைமுக வரியும், பணியாளர்களுக்கான அன்பளிப்பும் வரும். அன்பளிப்பு ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கணக்கில் தானாக ஏறும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பதின்மூன்று பேர், நாலு இரவு என்றால் ஐம்பத்திரண்டு தரம். அது அறை துப்புரவாக்குகிற, சாப்பாடு பரிமாறுகிற ஆட்களுக்குப் போகிற காசு, அதைக் குறைக்கச் சொல்லிப் போய் நிற்க வேண்டாம், முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பக்கேஜ்களுக்கு வருவோம். காசு கட்டின அடுத்த கிழமையிலிருந்து மின்னஞ்சலில் வந்துகொண்டே இருக்கும். குடி பக்கேஜ்தான் பெரிது. ஒரு நாளைக்கு 60 டொலர் என்று வையுங்கள், அதற்கு மேல் 18 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 70 டொலர் 80 சதம், மூன்று இரவுக்கு 212 டொலர் 40 சதம். சில கப்பல்களில் ஒரு அறையில் ஒரு பெரியவர் எடுத்தால் மற்றப் பெரியவரும் எடுக்கத்தான் வேண்டும், அப்போது அது 424 டொலர் 80 சதம். ஒரு கிளாஸ் 10 டொலர், அதற்கும் அதே 18 வீதம் என்றால் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஆறு கிளாஸ் குடித்தால்தான் போட்ட காசு வரும். துறைமுகத்தில் இறங்கி நிற்கிற நாளில் யார் ஆறு கிளாஸ் குடிப்பது? பஃபேயில் தண்ணீர், தேத்தண்ணி, கோப்பி சும்மா கிடைக்கும், காலையில் பழச்சாறும் கிடைக்கும். சோடா குடிக்கிற பெடியளுக்குத் தனிச் சோடா பக்கேஜ் உண்டு, அது வேண்டுமென்றால் பாருங்கள்.

வைஃபை கருவிக் கணக்கில் விற்பது. குடும்பத்துக்கு ஒன்றிரண்டு காணும், ஒரு போனில் விட்டு மற்றப் போனில் ஏற மாறிமாறிப் பாவிக்கலாம். கப்பலில் ஏறினவுடன் எல்லாருடைய போனையும் விமான நிலைக்கு (ஏரோப்பிளேன் மோட்) மாற்றுங்கள், கடலில் கப்பலின் சொந்தக் கைபேசி வலையமைப்பில் போன் தானாகப் பிடித்தால் வருகிற பில் கண்ணீர் வரவைக்கும். எடுக்கிறதென்று முடிவு செய்தால் ஊரிலிருந்தே எடுங்கள், கப்பலில் ஏறின பிறகு விலை கூடும்.

கரையில் சுற்றிப் பார்க்கிற பக்கேஜ் விலை கூட. நாங்களே வான் பிடித்தால் பாதிக்காசு போதும். ஆனால் கப்பல் ஒழுங்குசெய்த பயணம் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும், நாங்கள் பிடித்த வான் பிந்தினால் நிற்காது. நான் சொல்லுவது, துறைமுகத்துக்குக் கிட்ட என்றால் சொந்தமாகப் போங்கள், ஒன்றரை மணித்தியாலப் பாதை என்றால் கப்பலோடு போங்கள். புக்கெட் மாதிரி இடங்களில் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு இறக்குவார்கள், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அதைச் சொல்லி வையுங்கள். பயணக் காப்புறுதியை மட்டும் விடவே வேண்டாம், கப்பல் டொக்டரிடம் போனால் முழுக் காசு, ஊர் ஆஸ்பத்திரி மாதிரி இலவசம் கிடையாது.

ஏறின நாளில் அபாய ஒத்திகை நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் வெளிக்கிட முதல் அல்லது வெளிக்கிட்ட உடனே அதைச் செய்து முடிக்க வேண்டும் என்று விதி இறுகிவிட்டது. ஏழு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம் ஊதுவார்கள். வீட்டில் வயது போனவர்களுக்கு அதை முதலே சொல்லுங்கள், “ஒத்திகை அம்மா, பயப்பிடாதேங்கோ” என்று. திடீரென்று அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு எங்கே மனம் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆட்களோடு எப்படிப் பழகுவது, என்ன உடுப்பது என்று கூச்சப்படுகிறவர்கள் நிறைய. கூச்சப்பட ஒன்றுமில்லை. இரவுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆண்கள் காற்சட்டையும் கொலர் வைத்த சேட்டும் போட்டால் போதும், அரைக் காற்சட்டை சரிவராது. ‘ஃபோர்மல்’ இரவென்றால் சீலையும் வேட்டியும் தாராளமாகப் போகும், அன்றைக்கு அந்தக் கூடத்தில் அம்மாவின் கூறைச்சீலையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், பக்கத்து மேசைப் பெண் கரையைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கினது என்று கேட்டா. மூன்று இரவு வார இறுதிக் கப்பலில் ஆட்டமும் பாட்டும் கூட, பள்ளி விடுமுறையில் எங்கும் பிள்ளைகள், பள்ளி நடக்கிற காலத்தில் ஒரு கிழமைக்குப் போகிற கப்பலில் வயதானவர்களும் அமைதியும் கூட. உங்கள் வீட்டு ஆட்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து நாளைத் தெரியுங்கள்.

சாப்பாட்டு மேசையை ரிக்கெற் போடுகிற நேரமே இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு குடும்பமும் வேறு வேறு நாட்டிலிருந்து போட்டால் வேறு வேறு மேசை வரும், பதிவு இலக்கங்களைச் சொல்லி ஒரே நேரம், ஒரே மேசை என்று கேட்க வேண்டும். பகலில் ஆளுக்கொரு பக்கம் போகட்டும், இரவு அந்த மேசையில் எல்லாரும் இருக்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் முதல்நாள் இரவே தலைமைப் பரிசாரகரிடம் சொல்லுங்கள், செய்து தருவார்கள். எங்கள் மேசைக்குப் பரிமாறின தம்பி தூத்துக்குடி ஆள், இரண்டாம் நாள் அம்மாவுக்குக் கேட்காமலே உறைப்பான சம்பல் மாதிரி ஒன்று கொண்டுவந்து வைத்தார். வீட்டில் சமைத்த சாப்பாடு, கேத்தில், ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்றையும் கொண்டு போகாதீர்கள், வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். மூடின பிஸ்கட் பக்கற் பரவாயில்லை.

பிள்ளைகளின் அறை அட்டையால் சாமான் வாங்க முடியாதபடி வரவேற்பு மேசையில் சொல்லி நிறுத்தலாம், முதல்நாளே செய்யுங்கள். கணக்கை ஒவ்வொரு இரவும் அறை ரீவியிலோ கப்பல் செயலியிலோ பாருங்கள், பிழை இருந்தால் கடைசி நாளுக்கு முதல் நாளே கேளுங்கள், கடைசிக் காலையில் அந்த மேசையில் நிற்கிற வரிசை குறையாது. கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லுவார்கள், அவை இரவோடிரவாகப் போய்விடும். அடுத்த நாள் உடுப்பு, கடவுச்சீட்டு, அம்மாவின் பிரஷர் குளிசை, இதெல்லாம் கைப்பையில் இருக்குதா என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு பெட்டியை வெளியே தள்ளுங்கள்.