இரண்டு பேர், அரை மணி நேரம்: புதுச்சேரியில் கூட்ட அரங்கு அமைப்பவர்களுக்கு

வாடகைக்கு விட ஒரு கூட்ட அரங்கு கட்டலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் செல்போனில் படங்களோடுதான் வருகிறார்கள். மடக்கி ஒதுக்கும் சுவர், கண்ணாடிக் கதவு, கலர் கலராக நாற்காலி. படங்களைப் பார்த்துவிட்டு நான் ஒன்று கேட்பேன். ஒரு மணிக்கு ஒரு வகுப்பு முடிகிறது, ஒன்றரைக்கு வேறொரு கூட்டம் உள்ளே வருகிறது. இடையில் அறையை மாற்றப்போவது யார், எத்தனை பேர்?

ஓட்டல் பேங்க்வெட்டில், அதாவது விருந்து அரங்கில், மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் இந்த உள்ளரங்க வடிவமைப்பு வேலைக்கு வந்தேன். ஒரே அறையில் காலையில் சுய உதவிக் குழுப் பயிற்சி, மதியம் மருந்து பிரதிநிதிகள், சாயங்காலம் பண்ருட்டி முந்திரி வியாபாரிகள் என்று நடந்ததை நின்று பார்த்திருக்கிறேன். அறை மாறுகிறதா என்பதை நாற்காலி தூக்குகிற பையன்தான் முடிவு செய்கிறான். அவனால் முடியாவிட்டால், எத்தனை லட்சம் கொட்டினாலும் அந்த அறை முதல் நாள் போட்ட மாதிரியே கிடக்கும். அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரண்டு பேர், அரை மணி நேரம். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

சாமான் அறையிலிருந்து தொடங்குங்கள். ஆயிரம் சதுர அடி அரங்குக்கு நூறு சதுர அடியாவது ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் அது வீண் இடம் மாதிரி தெரியும், கட்டுகிறவர் முதலில் வெட்டப் பார்ப்பதும் அதைத்தான். விடாதீர்கள். "அக்கா, நாற்காலிய எங்க வெக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அரங்கில், மிச்ச நாற்காலியெல்லாம் கடைசியில் அவசர வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். சாமான் அறை அரங்கை ஒட்டியே இருக்க வேண்டும். கதவு ஐந்தடி அகலம், இரட்டைக் கதவு. கீழே நிலைப்படி கூடாது. வாசலுக்கு நிலைப்படி வேண்டும் என்பவர்கள் முன்வாசலில் வைத்துக்கொள்ளட்டும், டிராலி போகும் வழியில் அரை இஞ்ச் மேடுகூட இருக்கக்கூடாது.

அடுத்து அளவு. நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 8 முதல் 10 சதுர அடி போதும். மேசை வைத்து வகுப்பறை மாதிரி போட்டால் 15 முதல் 20 ஆகும். ப வடிவத்தில் உட்கார வைத்தால் 30, சில சமயம் 35கூட ஆகும். ஆக 40 அடிக்கு 25 அடி உள்ள அறையில், நாற்காலி மட்டும் என்றால் நூறு பேர்வரை, மேசையோடு ஐம்பது சொச்சம், ப வடிவத்தில் முப்பது பேர். விசாரிக்க வருகிறவர்களிடம் "நூறு பேர் உட்காரலாம்" என்று மட்டும் சொல்லாமல், மூன்று கணக்கையும் ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். அதே தாளைச் சாமான் அறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டிவிட்டால், புதிதாக வேலைக்கு வந்தவரும் யாரையும் கேட்காமல் போட்டுவிடுவார்.

அறையை இரண்டாகப் பிரிப்பதென்றால் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். 40 அடியை இருபது இருபதாக வெட்டினால் இரண்டு அளவுதான் கிடைக்கும், பாதி அல்லது முழுசு. 24, 16 என்று வெட்டினால் 600, 400, 1000 என்று மூன்று அளவு கிடைக்கிறது. பதினைந்து பேர் நேர்காணலுக்குக் கேட்பார்கள், முப்பது பேர் பயிற்சிக்குக் கேட்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கலாம்.

மடக்குச் சுவரில்தான் பணமும் போகும், பெயரும் போகும். சத்தம் தடுக்கிற நல்ல பார்டிஷன் சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிலோ எடை இருக்கும். 25 அடி அகலம், 10 அடி உயரத்துக்குப் போட்டால் மொத்தம் ஒரு டன்னை ஒட்டி வரும். அவ்வளவும் மேலே உள்ள தண்டவாளத்தில்தான் தொங்கும். ஆகவே கட்டடம் எழும்பும்போதே அந்த இடத்தில் பீம் வர வேண்டும், பொறியாளரிடம் எடையைச் சொல்லிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் தண்டவாளத்தை முடுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

எடையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற இடம். சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டால், அதற்கு மேல் ஸ்லாப் (கான்கிரீட் கூரை) வரை உள்ள வெற்றிடம் வழியாகப் பேச்சு முழுதும் அடுத்த அறைக்குப் போய்விடும். அங்கே ஜிப்சம் பலகை இரண்டு பக்கமும் அடித்து, நடுவில் ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு இல்லை, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) திணித்து, ஸ்லாப்வரை மூட வேண்டும். ஏசி குழாயும் வயரும் போகிற ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனி கம்பெனிகள் உட்கார்ந்து விலை பேசும்போது, ஒரு தரப்பு சொல்கிற தொகை மறுபக்கம் கேட்டால் அந்த அரங்குக்கு அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். இந்தச் செலவுக்குக் கை வராது என்றால், பார்டிஷனே வேண்டாம். ஒரு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும் செங்கல் சுவர் வைத்துத் தனித்தனியாகக் கட்டிவிடுங்கள். அரைகுறைச் சுவரைவிட அது எவ்வளவோ மேல்.

பிரித்த பிறகு இரண்டு பக்கமும் தன் காலில் நிற்க வேண்டும். தனிக் கதவு, தனி சுவிட்ச் போர்டு, தனி ஏசி, தனி ஸ்பீக்கர். விளக்கில் திரைக்கு அருகில் உள்ள வரிசைக்குத் தனி சுவிட்ச் கேளுங்கள். அது இல்லாவிட்டால் படம் போடும்போது அறை முழுக்க இருட்டாக்க வேண்டிவரும், குறிப்பெடுக்கிறவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள்.

ஏசி கணக்கு போடும்போது சதுர அடியோடு தலையையும் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். ஐம்பது பேர் என்றால் 5,000 வாட், அதாவது ஆட்களுக்காகவே ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. வெயிலும் விளக்கும் அதற்கு மேலே. இன்னொன்று, சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கொட்டாவி விடுவதற்கு சாம்பார் மட்டும் காரணமில்லை. வெளிக்காற்று எடுக்கிற ஃபேன் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். திறக்கிற ஜன்னலும் இருக்கட்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பிவிட்டால் நம் ஊரில் ஏசியையே அணைத்துவிடலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் அப்படித்தான் யோசித்து வடிவமைத்தார். வெளிச்சுவர் முழுக்கத் திருப்பி வைக்கிற பலகைகள், உள்ளே தேக்குச் சட்டங்களால் ஆன சறுக்குக் கதவு. மூடினாலும் காற்று நிற்காது. 1930களில் தொடங்கிய வேலை அது.

மேசை ஐந்தடிக்கு ஒன்றரை அடி, மேல் பலகை கவிழ்ந்து மடங்குகிற மாதிரி, காலில் சக்கரத்தோடு வாங்குங்கள். ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். விலை குறைந்த சின்னச் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: அச்சைச் சுற்றித் தலைமுடி, சேலை நூல், மல்லிகைச் சரத்தின் நார், எல்லாம் இறுக்கமாகச் சுற்றி, நடுவில் துருத்தூள். பிளேடு வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று இஞ்ச் சக்கரம், அச்சுக்கு மூடி, இரண்டிலாவது பிரேக். உப்புக்காற்றுக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவும் கீலும், கடற்கரைச் சாலை ஓரமென்றால் 316. இரும்புக் காலுக்குப் பவுடர் கோட்டிங் இருக்கிறதே என்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து கொப்பளிக்கத் தொடங்கிவிடும்.

திரையை நீளச் சுவரில் வையுங்கள். எழுத்தையும் எண்ணையும் படிக்க வேண்டுமென்றால், கடைசி வரிசை திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும். 75 இஞ்ச் டிவியின் உயரம் சுமார் மூன்றடி, அதாவது பதினெட்டடிக்கு அப்பால் இருப்பவர்களுக்கு எக்செல் கணக்கு வெறும் புள்ளிதான். நான் சொன்ன அறையில் 40 அடிச் சுவரில் பெரிய பக்கத்துக்கு ஒன்று, சின்னப் பக்கத்துக்கு ஒன்று என்று நாலடி உயரத் திரை இரண்டு வைத்தால், பிரித்தபோது ஆளுக்கொன்று, சேர்த்தபோது இரண்டிலும் ஒரே படம்.

ப்ளக் பாயிண்டைத் தரைக்குள் பதிக்கச் சொல்வார்கள். மாடியில் சரி, தரைத்தளத்தில் நான் போடுவதில்லை. வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவி விடுவது நம் வழக்கம். அதோடு மழை. ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் இடம் எடுப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவரில் இரண்டடி உயரத்தில் ஆறடிக்கு ஒரு பாயிண்ட், அறை நடுவுக்கு மேலிருந்து இறங்குகிற வயர். யூபிஎஸ்ஸும் ஆம்ப்ளிஃபயரும் மூன்றடிக்குக் கீழே இருக்கவே கூடாது.

பழைய வீட்டை அரங்காக்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் டன் கணக்கில் எதையும் தொங்கவிடக் கூடாது. அந்த வீடுகளுக்கு வேறு செல்வம் இருக்கிறது. வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். திண்ணை, தாழ்வாரம், உள்ளே முற்றம். பொது இடம் என்று இன்றைக்கு நாம் வரைந்து வரைந்து பார்ப்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. முற்றத்தில் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைக்காதீர்கள். நான்கு பேர் கூடிப் பேச, தேநீரோடு நிற்க, அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

புதுக் கட்டடத்திலும் நடை ஓரமாக ஒரு திண்ணை கட்டிவிடுவேன். உயரம் பதினாறு இஞ்ச், ஆழம் பதினைந்து, மேலே கடப்பாக் கல், பக்கத்தில் ப்ளக். பையை வைப்பார்கள், போன் பேசுவார்கள், வயதானவர்கள் உட்காருவார்கள். சோபா மாதிரி துணி கிழியாது, யாரும் நகர்த்தவும் வேண்டாம். தேநீர் மேசை கதவுக்கு எதிரே வேண்டாம், நடையின் கடைசியில் இருக்கட்டும். கதவருகில் வைத்தால் முதல் பத்துப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், மீதிப் பேர் வெளியே வர முடியாது. இரண்டு கூட்டமும் பதினொரு மணிக்கே தேநீர் கேட்கும். பதிவு எடுக்கும்போதே ஒரு கூட்டத்துக்குத் தேநீர் 10.45 என்று எழுதிக்கொள்ளுங்கள். கை கழுவும் தொட்டியைக் கழிப்பறைக்குள் ஒளிக்காமல் வெளியே வையுங்கள். பெண்கள் கழிப்பறையில் ஆண்களுக்கு இருப்பதைவிட ஒன்றாவது கூடுதலாக வேண்டும், அதில் கொக்கியும் குப்பைக்கூடையும் கட்டாயம்.

சாய்தளத்தை அடித்தளம் போடும்போதே சேர்த்துவிடுங்கள். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் தேவை, பிறகு இடம் தேடினால் கிடைக்காது. கதவின் திறந்த அகலம் 900 மி.மீ. குறையாமல் இருக்கட்டும், சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் காலியாக வேண்டும். சாய்தளத்தை ஜெனரேட்டர் பக்கமோ சமையல்கட்டுப் பக்கமோ தள்ளாமல், எல்லோரும் வருகிற முன்வாசலிலேயே வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரமும் ஸ்பீக்கர் பெட்டியும் ஏறுவது அதில்தான் என்பதால் மேல்தளம் சொரசொரப்பாக இருக்கட்டும், மழையில் வழுக்காது.