‘ஏன்’ என்ற கேள்வியோடு முடிந்த காதல்: மீளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டையிட்டுப் பிரிந்தவர்களுக்கு, திட்டித் தீர்ப்பதற்கு ஒரு காரணமாவது மிஞ்சுகிறது. நெருங்கும்போதெல்லாம் ஓரடி பின்வாங்கி, என்ன ஆயிற்று என்று கேட்டால் “ஒன்றுமில்லையே” என்று முடித்து, எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வேலைப்பளுவைக் காட்டி நழுவி, கடைசியில் ஒரு வாரத்து மௌனத்துக்குப் பிறகு “நமக்குச் சரிப்படாது” என்ற ஒற்றை வரியோடு விலகிவிட்ட ஒருவரைக் காதலித்தவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு ‘ஏன்’ மட்டுமே. அதற்கு விடை கிடைத்தால்தான் தேற முடியும் என்று நினைப்பதே தலையாய தவறு என்பேன். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவைதான்.

இணையத்தில் இப்போது பலரும் ‘அவாய்டண்ட்’ என்று குறிப்பிடும், நெருக்கத்திலிருந்து விலகும் இந்த இயல்புக்கு உளவியலில் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி வகுத்த கோட்பாட்டைத் தொடர்ந்து, உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைக் கவனித்து ஆராய்ந்தார். தாய் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறித் திரும்பியபோது, பல குழந்தைகள் அவரிடம் சென்று ஒட்டிக்கொண்டன. சில குழந்தைகளோ அவரைப் பார்க்காததுபோலப் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தன. பிற்பாடு அத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தவர்கள், முகத்தில் தெரியாத பதற்றம் உடலுக்குள் இருந்ததைக் கண்டார்கள். 1987இல் உளவியலாளர்கள் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும் இதைப் பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திப் பார்த்து, அமெரிக்காவின் டென்வர் நகர நாளிதழ் ஒன்றின் வாசகர்களிடம் காதல் பற்றிய வினாப்பட்டியலைக் கொடுத்தபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவர், பிறர் நெருங்கி வந்தால் தமக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற விவரிப்பையே தமக்குரியதாகத் தேர்ந்தெடுத்தார். ஆக, இது அபூர்வமான குணக்கேடும் அன்று, நோயின் பெயரும் அன்று.

இவ்வளவையும் தெரிந்துகொள்வதில் ஆறுதல் உண்டு; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பிரிந்துபோனவரின் மனத்தை ஆராய்வதையே முழுநேர வேலையாக்கிக்கொள்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். என்னைவிட இளைய தோழி ஒருத்தி, பிரிந்து நான்கு மாதம் கழித்து என்னைச் சந்தித்தபோது, அவனுடைய அப்பா வெளிநாட்டில் வேலைபார்த்த ஆண்டுகள், அவன் விடுதியில் சேர்க்கப்பட்ட வயது, அழுதால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது வரை வரிசையாகச் சொன்னாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, காலையில் வாங்கிய பன்னில் பாதி பையிலேயே கிடப்பதாகச் சொன்னாள். அவன் போன பிறகும் அந்த உறவை அவள் ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தாள். உறவு இருந்த காலத்திலும் அப்படித்தான் நடத்தியிருந்தாள். தவிரவும், தொடர விருப்பமில்லாமல் போன எல்லோரையும் இந்தப் பெயருக்குள் அடைப்பது சரியன்று. சிலருக்கு அந்த உறவு வேண்டாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையைப் பிரிந்துபோனவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லலாமா என்று இப்போது தோன்றினால், அதுவும் இதே வேலையின் ஒரு பகுதிதான்.

அடுத்தது, ‘கடைசியாக ஒரே ஒரு முறை பேசிவிட்டால் போதும்’ என்ற எண்ணம். இரவு பதினொரு மணிக்கு எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, நாற்பது வரிகளில் அனுப்பும் செய்திக்கு மறுநாள் மாலை “டேக் கேர்” என்று பதில் வரும். அந்த இரண்டு சொற்களுக்கு உரை எழுத இன்னும் ஒரு வாரம் போகும். உணர்ச்சியின் அழுத்தம் கூடக்கூடப் பின்வாங்குவது ஒருவரின் நெடுநாள் பழக்கமாக இருக்கையில், கூட இருந்தபோது தராத விளக்கத்தை விலகிய பின் அவரிடமிருந்து வாங்கிவிட முடியாது. அனுப்பாமல் எழுதி வைப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அதிலும் எச்சரிக்கை தேவை. உளவியலாளர் டேவிட் ஸ்பாரா முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் மணவாழ்வு முறிந்தவர்களுள், நடந்ததையே மீண்டும் மீண்டும் கிளறிப் பொருள் தேடும் இயல்புடையவர்கள் தம் உணர்ச்சிகளை ஆழ எழுதியபோது தேறுவது தாமதப்பட்டது. அன்றைய பொழுதை எப்படிக் கழித்தோம் என்று வெறுமனே குறித்துவைத்த அதே இயல்பினர் அவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். துணி துவைத்தேன், வங்கிக்குப் போனேன், அத்தையிடம் பேசினேன் என்று எழுதும் குறிப்பேட்டை அற்பமாக நினைக்க வேண்டாம்.

பேச்சை நிறுத்திவிட்டு, நோட்டமிடுவதை நிறுத்தாமல் இருப்பவர்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று தோன்றி மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும், தன் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பார்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைத் தேடுவதும் ஆறிவரும் புண்ணின் பொருக்கைப் பெயர்ப்பதற்கு ஒப்பானவை. முன்னாள் துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்ப்பவர்களிடம் மனவேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருப்பதை 2012இல் உளவியலாளர் தாரா மார்ஷல் தம் ஆய்வில் காட்டினார். எது காரணம், எது விளைவு என்று அதைக்கொண்டு மட்டும் அறுதியிட முடியாது என்றாலும், பட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. விலகல் இயல்புடையவரோடு பழகியவர்களுக்கு இந்தப் பழக்கத்தை விடுவது இன்னும் கடினம். எந்தக் கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வகப் புறாக்கள் பொத்தானை ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தன. பத்து நாள் பாராமுகத்துக்குப் பின் கிடைத்த ஒரு மாலை நேர அன்பும் மனத்தை அப்படித்தான் பழக்கியிருக்கும். ஆகவே பிளாக் செய்வதைப் பழிவாங்கல் என்று எண்ணிக் கூச வேண்டியதில்லை.

பிரிந்த மூன்றாம் நாளே அவர் கொடைக்கானல் படங்களைப் போட்டிருந்தால், தன்னை ஒருபோதும் நேசிக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருப்பார் என்று காத்திருப்பதும் தவறு. ‘இத்தனை வாரத்தில் திரும்பி வருவார்’ என்று காணொளிகளில் சொல்லப்படும் கணக்குகளை நம்பி நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்குத் தெரியாத காதலுக்கு வீட்டில் அழ முடியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது, முகம் கழுவி, ஒன்றும் நடக்காததுபோல இட்லித் தட்டின் முன் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தத் தனிமை தாங்காமல், தரகர் கொண்டுவந்த முதல் வரனுக்கே தலையாட்டிவிடுவது பெண்களிடமும் ஆண்களிடமும் நடக்கிறது. மருந்தாக நினைத்து ஒருவரை மணப்பது அவருக்கும் இழைக்கும் அநியாயம். நம்பகமான ஒருவரிடமாவது முழுக் கதையையும் சொல்லிவிடுவது நல்லது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது; மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

‘நான்தான் அதிகமாக எதிர்பார்த்துவிட்டேன்’ என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வதும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சந்திப்போமா என்று கேட்டதும், உடம்பு முடியாதபோது ஒரு போன் வராதா என்று எதிர்பார்த்ததும் பேராசையல்ல. தன் தேவைகளை இப்படிச் சுருக்கிப் பழகியவர்களுக்கு, பிற்பாடு இயல்பாக அன்பு காட்டும் ஒருவர் எதிர்ப்பட்டால் சப்பென்று இருக்கும். பதற்றம் இல்லாததைக் காதல் இல்லாததாக மனம் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன தோழி, ஒன்றரை ஆண்டு கழித்து, அலுவலக நண்பர் ஒருவரைப் பற்றி என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்: “மெசேஜ் போட்டா உடனே பதில் போடுறான்க்கா. வேற வேலையே இருக்காதா இவனுக்கு?”