கையசைவு கன்ட்ரோலர் உங்களுக்குப் பொருந்துமா? ஒரு வாரத்தில் கண்டறியும் வழி

எங்கள் வீட்டில் இரண்டு விதமான ஆட்டக்காரர்கள் இருக்கிறோம். அம்மா ஞாயிறு மாலைகளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நிண்டெண்டோவின் வீ என்ற விளையாட்டுக் கருவியில், வீ ஸ்போர்ட்ஸில் பௌலிங் ஆடுவார். நான் இரவில், மையைச் சுட்டு மோதும் ஸ்ப்ளட்டூன் போட்டிகளில் இறங்குவேன். கன்ட்ரோலரையே அசைத்து ஆடும் கையசைவு என்பது பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்களுக்கு மட்டுமே என்று பல ஆண்டுகள் வாதிட்டவன் நான். அது தவறு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில், விளையாட்டு உங்கள் அசைவை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். ஒரு முறை கையை முழுதாக வீசுங்கள். அடுத்த முறை மணிக்கட்டை மட்டும் சொடுக்குங்கள். இரண்டுக்கும் ஒரே பலன் கிடைத்தால், அங்கே அசைவு ஒரு பட்டனின் வேலையைத்தான் செய்கிறது. 2006இல் வந்த வீ ரிமோட்டில் முடுக்கத்தை அளக்கும் உணரி இருந்தது. சுழற்சியை நேரடியாக அளக்கும் ஜைரோ, 2009இல் மோஷன்பிளஸ் இணைப்பாகத்தான் வந்தது. துல்லியம் குறைவுதான். ஆனாலும் அதற்கு முன் கன்ட்ரோலரையே தொட்டிராத அம்மா, சில நிமிடங்களில் பந்தை உருட்டிவிட்டார். புதியவருக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

தீவிரமாக ஆடுகிறவர்கள் தேட வேண்டியது ஜைரோவால் குறிபார்க்கும் வசதியை. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைச் சாய்க்கும்போது எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று சொல்கிறோம். கன்ட்ரோலரைத் திருப்பும்போதோ எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்று சொல்கிறோம். மவுஸ் செய்வதும் இதைத்தான். ஓடும் எதிரியின் மேல் குறியை நிறுத்த ஸ்டிக் தடுமாறுவதும் கை தடுமாறாததும் இதனால்தான்.

இதைப் பழகும்போது பெரிய திருப்பங்களை ஸ்டிக்கிடமே விடுங்கள். கடைசி நேரத்துச் சின்னத் திருத்தம் மட்டும் கைக்கு. முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு படி ஏற்றுங்கள். ஸ்ப்ளட்டூனில் பார்வை கோணலாகப் போனால் ஒய் பட்டன் அதை நடுவுக்குக் கொண்டுவரும். அந்த விரல் பழக்கம் வராமல் போட்டிக்குப் போகாதீர்கள். முதல் மூன்று நாள் நிச்சயம் தோற்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோல்வி பிடிக்காதவர்கள் தனியாக ஆடும் சாகச விளையாட்டான பிரெத் ஆஃப் தி வைல்டில் தொடங்கலாம். அதில் வில்லை இழுத்துக் குறிபார்க்கும்போது ஜைரோ கைகொடுக்கும். யாரும் உங்களோடு போட்டியிட மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் கன்ட்ரோலரில் ஜைரோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களிலும் நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்கான் கன்ட்ரோலரிலும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரில் இல்லை.

உடல் முழுவதையும் கேட்கும் ஆட்டங்கள் வேறு வகை. 2010இல் வந்த, கேமராவால் உடலசைவைப் பார்க்கும் கினெக்டுக்கு ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும். கையில் ஸ்டிக் இல்லாததால் கதாபாத்திரத்தை நடக்க வைப்பதே சிரமம்; நடன விளையாட்டுகளில் மட்டும் அது அருமையாக இருந்தது. ஆனால் இதை வைத்து, வியர்வை சிந்த ஆடுவதெல்லாம் சாதாரண ஆட்டம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் விஆர் விளையாட்டான பீட் சேபரில், மிகக் கடினமான எக்ஸ்பர்ட் பிளஸ் நிலையை ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள்.

அறையையும் கவனியுங்கள். வீயின் சென்சார் பட்டை அகச்சிவப்பு ஒளியை உமிழ மட்டுமே செய்யும். அதைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் அடித்தால் டிவியில் தெரியும் சுட்டி குதிக்கும், ஜன்னல் திரைச்சீலையை இழுத்து விடுங்கள். ஜைரோ தானாக நகர்ந்தால் கன்ட்ரோலரைச் சமதள மேசையில் வைத்து அமைப்புகளில் சீர்செய்யுங்கள். மணிக்கட்டுப் பட்டையை எப்போதும் அணியுங்கள். நான் ஒரு நாள் அணியாததால் அலமாரிக் கண்ணாடி உடைந்தது.

ஏழாம் நாள் ஜைரோவை அணைத்துவிட்டு ஓர் ஆட்டம் ஆடுங்கள். எதிரி தெரிந்ததும் கை தானாகத் திரும்பி, குறி ஏன் நகரவில்லை என்று ஒரு கணம் திகைத்தால், அதை மறுபடி இயக்கி அப்படியே விட்டுவிடுங்கள். அணைத்ததும் நிம்மதியாக இருந்தால் ஸ்டிக்கே உங்களுக்குப் போதும்.