பல்லாங்குழியில் ஒரு கலப்பு மண்டலம்

நெருங்கிய இரண்டு இனங்கள் சந்தித்துக் கலக்கும் பட்டைக்குக் கலப்பு மண்டலம் என்று பெயர். போலந்தின் கிராகோவ் பக்கம் சமவெளியில் சிவப்பு வயிற்றுத் தேரை, மேட்டில் மஞ்சள் வயிற்றுத் தேரை. ஷிமூரா, பார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட கணக்கில், இரண்டும் கலக்கும் பட்டை சுமார் 6 கிலோமீட்டர்தான். எத்தனையோ தலைமுறை கலந்தும் ஏன் அகலவில்லை? ஆச்சி வீட்டுப் பல்லாங்குழியை எடுங்கள், பார்த்துவிடலாம்.

முதலில் புளியங்கொட்டை, நூறு போல. பாதிக்குச் சுண்ணாம்பு தடவிக் காயவிடுங்கள். (நான் முதலில் சோழியைக் கலந்தேன். கண்ணை மூடினாலும் விரல் கண்டுபிடித்துவிட்டது!)

ஒரு வரிசையின் ஏழு குழிகளையும் தாமிரபரணிக் கரை ஊர்களாக வையுங்கள்: பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், புன்னைக்காயல். குழிக்கு ஆறு கொட்டை; வெறும் கொட்டை ஒரு இனத்தின் மரபணு, சுண்ணாம்புக் கொட்டை மற்ற இனத்தின் மரபணு. மேற்கே மூன்று ஊருக்கும் வெறும் கொட்டை, கிழக்கே மூன்றுக்கும் சுண்ணாம்பு, திருநெல்வேலிக்குப் பாதிப் பாதி. எதிர் வரிசையும் அப்படியே.

அப்புறம் கீழ் வரிசை. அடுத்தடுத்த இரு குழிகளிலிருந்து கண்ணை மூடி ஒவ்வொன்று எடுத்து மாற்றிப் போடுங்கள். கடைசிக் குழி வரை போனால் ஒரு தலைமுறை. இருபது சுற்றில் எல்லைக்கோடே கலங்கிவிடும்.

மேல் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. மாற்றிப் போட்டபின் ஒவ்வொரு குழியிலும் கண்ணை மூடி மூன்று ஜோடி சேருங்கள். ஒரு ஜோடி ஒரு உயிர். நிறம் கலந்த ஜோடிக்குப் பூவா தலையா போடுங்கள். பூ விழுந்தால் அது செத்தது. பதிலுக்குப் பிழைத்த ஜோடி ஒன்றைப் போலவே வையுங்கள். மூன்றும் போனால் பக்கத்துக் குழியைப் பார்த்து வையுங்கள். கிராகோவிலும் கலப்புக் கருக்கள்தான் அதிகம் சாகின்றன.

இருபது சுற்றுக்குப் பிறகும் கலப்பு இரண்டு மூன்று குழிக்குள் நிற்கும். பட்டை எவ்வளவு அகலம் என்பது நடமாடும் தூரத்துக்கு நேர் விகிதம், சாவு அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதம். பட்டையே ஒன்றிரண்டு குழி நகர்ந்தால் பதற வேண்டாம், நிஜத்திலும் நகரும்.

சரி, எல்லா மரபணுவும் இப்படி மாட்டிக்கொள்ளுமா? பாபநாசத்தில் ஒரு கொட்டைக்குக் குங்குமப் பொட்டு வைத்து மறுபடி ஆடுங்கள். பொட்டு உள்ள குழியில் ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு கொட்டைக்கும் பொட்டு. அது நல்லது செய்யும் மரபணு. ஐரோப்பாவில் வீட்டுச் சுண்டெலியும் அல்ஜீரியச் சுண்டெலியும் கலந்தால் ஆண் குட்டிகள் மலடு. ஆனாலும் வார்ஃபரின் எலிமருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று அந்த வேலியைத் தாண்டி வீட்டுச் சுண்டெலிக்கு வந்தது 2011-இல் வெளிச்சமானது.

பொட்டு புன்னைக்காயலைத் தொட்டிருக்கும்போது பாருங்கள், சுண்ணாம்பு பெரும்பாலும் சேரன்மகாதேவியைத் தாண்டியிருக்காது.